கட்டிங் பிளேயர்

பழையதற்குத் திருகுகிற குமிழ் உடைந்து
நாலு வருசம்.
மிச்சம் நின்ற வெள்ளைக் குச்சியைக்
கட்டிங் பிளேயரால் கவ்வி
இடப்பக்கம் கால் சுற்று,
அப்புறம் வலப்பக்கம் முழுச் சுற்று.
துணி ஓட ஆரம்பித்துவிடும்.
எனக்கு இதில் ஒரு குறையும் இருந்ததில்லை.
பிளேயர் ஆணியில் தொங்கும்,
கம்பெனியில் கழித்த பனியன் நாடாவில்.
டிரையர் போடும்போது மட்டும்
மூடிமேல் அரைச் செங்கல் வைக்கோணும்.
இல்லாட்டி வாசல்வரை நடந்து வந்து நிற்கும்,
சீட்டுப் பணம் கேட்க வந்த ஆளாட்டம்.

"ஊரே சிரிக்குது" என்றார் நாச்சிமுத்து.
ஊர் எங்கே பார்த்தது?
அவர் தங்கை பார்த்தாள். அவ்வளவுதான்.

போனசில் பாதி,
பழசுக்குக் கழித்தது ஆயிரத்து நூறு,
மிச்சம் மாசத் தவணை.
வியாழக்கிழமை வந்து இறங்கியது
வயிற்றில் கண்ணாடி வைத்த ஒன்று.
ஓட்டிக் காட்ட வந்த பையன்
பதினஞ்சு விதமாகத் துவைக்கும் என்றான்:
பட்டு, கம்பளி, விளையாட்டு உடுப்பு...
எங்களிடம் இருப்பது அழுக்குத் துணி,
அதுக்கு எந்தப் பட்டன் என்று கேட்டேன்.
"போன்லயே ஓட்டலாங்கக்கா" என்றான்.

ஓட்டலாம். தண்ணீர்?
பதினஞ்சு வேலம்பாளையத்தில்
எட்டு நாளைக்கொருக்கா வருகிற தண்ணீர்
டிரம்மில் நிற்கும், குழாயில் நிற்காது.
பழசுக்கு அது தெரியும்.
மொண்டு ஊற்றினால் வாங்கிக்கொள்ளும்.
அலசிய தண்ணீரைப் பிடித்து
அடுத்த ஈட்டுக்கு விட்டாலும்
ஒன்றும் சொல்லாது.
இது கதவைப் பூட்டிக்கொண்டது.
ரெண்டு நிமிசம் யோசித்தது.
சிவப்பில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் காட்டி
கீச் கீச்சென்று கத்தியது.
புத்தகத்தைப் புரட்டினேன்:
குழாயைத் திறக்கவும்.

தொறந்துதானுங்க இருக்குது.

அதற்குள் இவர் வண்டிச் சாவியைத் தேடினார்.
சாவி பேண்ட்டில்,
பேண்ட் கண்ணாடிக்கு அந்தப்பக்கம்.
கம்பெனியில் எந்த ஓவர்லாக் நின்றாலும்
இவரைத்தான் கூப்பிடுவார்கள்.
மூன்று தரம் சுற்றி வந்தார்,
குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார்.
"ஒரு ஸ்குரூ வெளிய இல்லையே" என்றார்,
கையில் ஸ்குரூ டிரைவரோடு,
ஏமாந்த பிள்ளையாட்டம்.
பிரித்தால் வாரண்டி போய்விடுமாம்.

ஷிப்டுக்கு நேரமாகிறது.
சோப்புத்தூள் போடுகிற டிராயரை இழுத்தேன்.
ஒரு சொம்பு ஊற்றினேன். குடித்தது.
இன்னொன்று. குடித்தது.
கத்தல் நின்றது.
முப்பத்தாறு சொம்பு, குந்தவைத்தபடி,
எண்ணி எண்ணி ஊற்றினேன்.
பெட்டியின் நெற்றியில்
ஆட்டோமேட்டிக் என்று வெள்ளியில் எழுதியிருக்கிறது.
என்னைத்தான் சொல்கிறது போல.

அப்போதுதான் போன் வந்தது.
இப்போதுதான் தமிழ் பழகுகிற குரல்.
"அக்கா, நான் மினதி.
பழைய மெஷின் வாங்குச்சு. மூடி உள்ள உங்க நம்பர்."
சர்வீஸ்காரன் மார்க்கரில் எழுதி வைத்தது
இன்னும் அழியவில்லை.
"சுத்துற பட்டன் இல்ல அக்கா."

ஆணியைப் பார்த்தேன்.
பிளேயர் இங்கேயேதான் தொங்குகிறது.
"கட்டிங் பிளேயர் இருக்குதா?
பக்கத்துல கேளு. இடப்பக்கம் கால் சுத்து."
"கால்?"
"ஐயோ, கால் இல்ல கண்ணு. கொஞ்சம். கொஞ்சமா."

போனுக்குள் கேட்டது
கட கட கட,
எனக்கு மட்டும் பாஷை தெரிந்த சத்தம்.
அவள் சிரித்தாள்.
அலசி முடித்து டிரையருக்கு மாற்றுகிறவரை
இருவருமே போனை வைக்கவில்லை.
அப்புறம் ஒரு அலறல்:
"அக்கா, நடக்குது! மெஷின் நடக்குது!"
"பயப்படாத. அரைச் செங்கல் வை.
முழுசு வேண்டாம், மூடி உடைஞ்சிரும்."
இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.
சொல்லச் சொல்ல எனக்கே
கொஞ்சம் மெதப்பாக இருந்தது.

போனை வைத்துத் திரும்பினால்
கண்ணாடிக்குள் பேண்ட்டின் கால் ஒருதரம் தெரிகிறது,
சாவி டொக்கென்று தட்டிவிட்டு மறைகிறது.
இவர் செருப்பைப் போட்டுக்கொண்டு
எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்.
இன்னும் ஒரு நிமிடம் என்று காட்டுகிறது.
காட்ட ஆரம்பித்துப்
பதினோரு நிமிடம் ஆகிறது.